சேப்பாக்கம் வரைக்கும்

பறக்கும் ரயிலில் ஒருமுறை போய்வர வேண்டும், எங்கே ஏறினால் நல்லது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மயிலாப்பூரில் நான் ஏறிய முதல் பயணத்தையே சொல்லிவிடுகிறேன். 1997 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட வந்தவர் என் மன்னி. வந்திருக்க வேண்டியவர் அவர் கணவர், என் அண்ணன். அந்த வருஷம் ஆனி மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

பக்கிங்ஹாம் கால்வாயில் இந்த ரயிலுக்கான தூண்கள் எழும்பத் தொடங்கிய நாளிலிருந்து, வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க அண்ணனும் நானும் சாயங்காலம் லஸ் பக்கம் நடப்போம். தூண் வளர்வதற்குள் அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. 1995 நவம்பரில் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை மட்டும் வண்டி விட்டார்கள். போகலாமா என்று கேட்டேன்.

"பஸ் பிடிச்சுப் போய் ரயில் ஏறறதாவது? நம்ம மயிலாப்பூருக்கு வரட்டும். சேர்ந்தே போவோம்" என்றார்.

மயிலாப்பூர்க்காரர்களின் வீம்பு அது. சரி என்று தலையாட்டினேன். மறு மாதமே அலுவலக வேலையாகப் பாரிமுனைப் பக்கம் போனவன், ஆசை தாங்காமல் கடற்கரை நிலையத்தில் தனியாக ஏறி சேப்பாக்கம் போய்வந்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. ரயில் மயிலாப்பூருக்கு வந்தது 97 அக்டோபரில். அதற்குள் சொல்ல அவர் இல்லை.

நிலையத்தில் படிகள் அதிகம். முழங்கால் வலிக்காரர்கள் நிதானமாக ஏறுங்கள். இரண்டு டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய் நீட்டினேன், மிச்சம் வந்தது. அத்தனை பெரிய கட்டடத்தில் நாங்கள் ஆறே பேர். மோட்டார் சாமான் மூட்டையோடு உட்கார்ந்திருந்த சிந்தாதிரிப்பேட்டைக்காரர் ஒருவரிடம் அடுத்த வண்டி எப்போது என்று விசாரித்தேன்.

"இப்பதான் ஒண்ணு போச்சு சார். இன்னும் நேரம் கீது. குந்துங்க."

குந்தினோம். நாற்பது நிமிடம் கழித்து, 4.25க்கு வண்டி வந்தது.

வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மொட்டை மாடிகளுக்கு அப்பால் கடல் தெரியும். கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி எல்லாம் மன்னி கம்பியைப் பிடித்துக்கொண்டு வைத்த கண் வாங்காமல் பார்த்தார். சேப்பாக்கம் தாண்டியதும் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளே திரும்பி உட்கார்ந்தார்.

"கம்பியைப் பிடிச்சுக்கோ ரகு. இப்போ வளையும்" என்றார்.

வளைந்தது.

"உங்களுக்கு எப்படி மன்னி தெரியும்?"

மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். "வந்திருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி, மார்கழில, கடற்கரைலேர்ந்து சேப்பாக்கம் வரைக்கும். அவர்தான் அழைச்சுண்டு வந்தார். 'ரகுகிட்ட சொல்லிடாதே, சேர்ந்து போறதா சொல்லிண்டிருக்கோம், வருத்தப்படுவான்'னார். அப்புறம் தனியாவும் ரெண்டு தடவை போய்ட்டு வந்தார்."

"நானும் அதே மார்கழில தனியாப் போனேன் மன்னி. அண்ணா வருத்தப்படுவாரேன்னு சொல்லலை."

மன்னி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டும் ஒரே அசடு" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சிந்தாதிரிப்பேட்டைக்காரர் எங்களைப் பார்க்காத மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனார்.

கடற்கரை நிலையம் வரை சுமார் எட்டரை கிலோமீட்டர். அரை மணிகூட ஆகவில்லை.

போக நினைப்பவர்கள் மழை விட்டதும் ஒரு நாள் பின்மதியத்தில் போங்கள். கையில் தண்ணீர் இருக்கட்டும். யாரோடு போக ஆசையோ அவரைக் கூட்டிக்கொண்டு, வண்டி எதுவரை ஓடுகிறதோ அதுவரை போய்விடுங்கள். மீதிப் பாதை வரட்டும் என்று அண்ணனும் நானும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். அண்ணனோடு சேப்பாக்கம் வரைக்குமாவது போயிருக்கலாம்.