தனிப் படகுக்கு யார் துடுப்பு போடுவது?

“தம்பி, இதுக்குத் துடுப்பு யாரு போடுவாங்க?”

மைமூன் லாத்தா (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இதைக் கேட்டது பிச்சாவரம் படகுத் துறையில், வேனை விட்டு இறங்கிய பிறகு. 2009, மே மாதம். கடலூரில் டிராவல்ஸ் நடத்திவந்த நான் அந்த வருடம்தான் ‘ஹலால் டூர்’ என்று நோட்டீஸ் அடித்தேன். மூன்றே வரி: சிதம்பரத்தில் ஹலால் சாப்பாடு, தொழுகை நேரத்தில் வண்டி நிற்கும், பெண்களுக்குத் தனிப் படகு. மூன்றாவது வரியை நம்பிப் பரங்கிப்பேட்டையிலிருந்து எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள்.

தனிப் படகு என்றால் ஏறுகிறவர்கள் பெண்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். துடுப்பு போடுகிறவர் கலியமூர்த்தி. பெரிய மீசை.

“அவரு நிமுந்துகூட பாக்க மாட்டாரு லாத்தா.”

“பாக்காம எப்படி ஓட்டுவாரு? மரத்துல முட்டவா?”

ஏழு பேரும் சிரித்தார்கள். லாத்தா சிரிக்கவில்லை. “பரங்கிப்பேட்டையிலதான் பொறந்தேன், அங்கயேதான் வாழ்க்கப்பட்டேன். அம்பது வயசாவுது, ஒரு நாளும் தோணியில கால் வச்சதில்ல. இன்னிக்கும் கரைதான் போல” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கலியமூர்த்திதான் வழி சொன்னார். “எந்தங்கச்சி அஞ்சலையக் கூப்புடட்டா பாய்? என்னவிட நல்லா போடுவா. வாய்தான் ஜாஸ்தி.”

அஞ்சலை, இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றைத் துழாவிக் கையாலேயே எறா பிடிக்கிறவர். ஈரப் புடவையோடு வந்தார். துறை அலுவலர் சந்தேகமாகப் பார்த்தார்.

“படகு ஓட்டத் தெரியுமாம்மா?”

“பொறந்ததுலேருந்து தண்ணியிலதான் கெடக்கறேன். ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?”

அலுவலர் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், பின்னால் ஒரு வளைவு தள்ளிக் கலியமூர்த்தியின் படகு என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்.

அடுத்த தடை நான் வாங்கி வைத்திருந்த மூட்டை. குடிக்கவும், நடுவில் அஸர் தொழுகை நேரம் வந்தால் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யவும் நூறு தண்ணீர் பாக்கெட்.

“இது எம் படகுல ஏறாது” என்றார் அஞ்சலை. “சேத்துல கைய உட்டா எறா வரணும். பாலித்தீனா வருது.”

நான் லாத்தாவைப் பார்த்தேன்.

“எறக்கிடு தம்பி. ஒளுவுக்கு இந்தத் தண்ணியே கூடும். குடிக்கத்தான் கூஜா இருக்கே. யாரு ஒன்னய இத வாங்கச் சொன்னா?”

நாலு நாலு பேராக இரண்டு நடை. படகு அலையாத்தி மரங்களுக்குள் மறைந்த பிறகு எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டுமே கேட்டது. முதல் நடை திரும்பியபோது படகுக்குள் வேரிலிருந்து எடுத்த பாலித்தீன் பைகள் பதினொன்று. இரண்டாம் நடைக்காரர்கள் பதினாலு எடுத்து வந்து, ஜெயித்ததாக வேன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லாத்தாவின் புர்கா கை முழங்கை வரை ஈரம். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

“உள்ள என்ன நடந்துச்சு லாத்தா?”

“அது பொம்பளைங்க படகு தம்பி.”

ஒரு வசதியை அச்சடிக்கும் முன், அந்த வேலையைச் செய்யப்போகும் ஆள் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று கற்றது அது. அடுத்த நோட்டீஸில் நாலு வரி: மூன்றாவதை ‘பெண்கள் படகு. துடுப்பு: அஞ்சலை’ என்று திருத்தி, ‘பாலித்தீன் ஏறாது’ என்றும் சேர்த்தேன். அச்சுக்குப் போகும் முன் லாத்தாவிடம் காட்டினேன். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். உள்ளங்கையில் துடுப்புக் கொப்புளம் காய்ந்த தடம்.

“துடுப்புன்ற எடத்துல ஒரு பேருதானா போட்டிருக்க?”