‘லாகின் ஆச்சு’ என்றார், ஆகவில்லை

மூன்று நாளாகப் போனில் ஒரே பதில்தான் வந்தது.

“ஆங், லாகின் ஆச்சு நைனா. ஆனா உன் சாப்ட்வேர் இன்னும் சுத்திகினே கீது.”

பேசியவர் மோகனவேலு. பொதட்டூர்பேட்டையில் எட்டு பவர்லூம் வைத்து லுங்கி நெய்கிறார். திருத்தணியில் மூன்று பேர் மட்டுமே உள்ள எங்கள் கம்பெனி, லுங்கிக் கட்டம் வரைய ஒரு டெஸ்க்டாப் சாப்ட்வேர் செய்திருந்தது. வரைந்த கட்டம் எங்கள் சர்வரில் இருக்கும். தறிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் லாகின் செய்தால், எந்த நிறத்தில் எத்தனை இழை என்று பட்டியல் வரும். அதைப் பார்த்துத்தான் பாவு ஓட்டுவார்கள், அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைகளை வரிசைப்படுத்துவார்கள். லாகின் பகுதி முழுக்க நான் எழுதியது. நான் வேலைக்குச் சேர்ந்து எழுதிய முதல் பெரிய பகுதியும் அதுதான்.

எங்கள் முதலாளி சந்தானம் சார் கத்த மாட்டார். மூன்றாம் நாள் காலையிலும் கத்தவில்லை.

“பேட்டையில அவர்தான் நமக்கு மொத ஆளு. அவர் போயிட்டா வேற யாரும் உள்ள விட மாட்டாங்க. சாயந்தரத்துக்குள்ள ஓடலன்னா நீ எழுதின லாகினைத் தூக்கிடு. கட்டத்தைப் பென் டிரைவ்லயே குடுத்துக்கலாம்.”

1. சந்தேகப்பட்டவை

புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். லாகின் பட்டனை அழுத்தினால் சாப்ட்வேர் பிரவுசரைத் திறக்கும். அங்கே மெயில் கணக்கில் நுழைந்ததும், ஒருமுறை மட்டும் செல்லும் ‘கோடு’ என்ற ரகசிய எழுத்துத் தொடரைக் கையில் கொடுத்து, பிரவுசரை 127.0.0.1 என்ற முகவரிக்குத் திருப்பி விடுவார்கள். இதுதான் ரீடைரக்ட். அந்த முகவரியில் ஒரு போர்ட்டை, அதாவது தகவல் வந்து சேரும் வழியை, திறந்து வைத்துக்கொண்டு என் சாப்ட்வேர் காத்திருக்கும். கோடு வந்தால் கதவு திறக்கும்.

வரவில்லை. என் கம்ப்யூட்டரில் வருகிறது, சாரின் கம்ப்யூட்டரில் வருகிறது, அங்கே மட்டும் வரவில்லை.

முதல் நாள் போர்ட்டைச் சந்தேகப்பட்டேன். வேறு ஏதோ புரோகிராம் பிடித்திருக்கும் என்று, காலியாக உள்ள போர்ட்டைத் தானே தேடும்படி மாற்றி அனுப்பினேன். இரண்டாம் நாள் பயர்வால். அப்புறம் ஆன்டிவைரஸ். பதிவு செய்த முகவரியில் ஒரு சாய்கோடு கூடிவிட்டதோ என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் லாக் பைலை வாங்கிப் பார்த்தால் அதில் பிழை ஒன்றுமே இல்லை. யாரும் கதவைத் தட்டவே இல்லை, அவ்வளவுதான். எனக்குப் பிழை வந்தால் பயமில்லை. ஒன்றுமே வராவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

“பாஸ்வேர்டு சரியா போட்டீங்களாண்ணா?”

“பாப்பா போட்டா. உள்ள போயிட்டேன்னு சொல்றா.”

அப்போதாவது நான் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

2. நேரில்

கிருத்திகை என்பதால் பஸ் மலையடிவாரத்தைத் தாண்டவே முக்கால் மணி நேரம். தறிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பாவு ஓட்டுகிற ஏழுமலை வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்.

“இவர்தான் அந்த சாப்ட்வேரா?” என்றார் மோகனவேலுவிடம். “பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தா இந்நேரம் ரெண்டு பாவு முடிஞ்சிருக்கும். மதியம் வரைக்கும் பாப்பேன், அப்புறம் எதிர் வூட்டுக்குப் போயிடுவேன்.”

“நீங்க எப்பவும் பண்ற மாதிரியே பண்ணுங்கண்ணா,” என்றேன்.

மோகனவேலு லாகினை அழுத்தினார். பிரவுசர் திறந்தது. அவர் மேலே இருந்த முகவரியை முழுதாகக் காப்பி செய்தார். பக்கத்திலேயே திறந்திருந்த வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பினார். பிறகு போனை எடுத்தார்.

“பாப்பா, மறுபடியும் அனுப்பிக்கீறேன் பாரு.”



“பாப்பா எங்க இருக்காங்க?”

“அரக்கோணத்துல. மாப்பிள்ளைக்கு ரயில்வேல்ல? கட்டம் வரையறது அவதானே, கணக்கும் அவ பேர்லதான். கேஸ் புக் பண்றதுலேருந்து எல்லாம் நான் அனுப்புவேன், அவ பண்ணிடுவா.”

127.0.0.1 என்றால் ‘இந்த மெஷின்’. யார் திறக்கிறார்களோ அவர்களுடைய மெஷின். அந்தப் பெண் மூன்று நாளும் ஒழுங்காக லாகின் செய்திருக்கிறார். கோடும் ஒழுங்காகத் திரும்பி வந்திருக்கிறது, அரக்கோணத்தில் அவர் போனுக்கு. அவர் கட்டம் வரைகிற லேப்டாப்பில் என் சாப்ட்வேர் உண்டு, போனில் இல்லை. நான் பொதட்டூர்பேட்டைக் கதவைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

போனை வாங்கிப் பேசினேன். “அக்கா, லாகின் ஆனதும் என்ன வருது?”

“பக்கம் கிடைக்கலன்னு வருது. போன்ல உங்க சாப்ட்வேர் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்.”

“அந்தப் பக்கத்தோட முகவரியை அப்படியே காப்பி பண்ணி அப்பாவுக்கு அனுப்புங்க. சீக்கிரம், கோடு கொஞ்ச நேரந்தான் தாங்கும்.”

முதல் தடவை அவர் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் கோடு காலாவதி ஆகிவிட்டது. இரண்டாம் தடவை வந்ததை இங்கே பிரவுசரில் ஒட்டினேன். சுற்றல் நின்றது. பச்சைக் கட்டம், நடுவே சிவப்புப் பட்டை, பக்கத்தில் இழைக் கணக்கு.

ஏழுமலை எழுந்து வந்து பார்த்தார். “இதுக்கா மூணு நாளு?” என்று சொல்லிவிட்டு நூல் எடுக்கப் போனார்.

3. பிறகு

சார் பாராட்டினார். எனக்குத்தான் உறுத்தலாக இருந்தது. வெளியே யாருக்கும் அனுப்பக் கூடாத கோடை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு குடும்பத்தை நானே பழக்கிவிட்டிருந்தேன். அடுத்த வாரம் டிவைஸ் கோடு முறைக்கு மாற்றினேன். திரையில் எட்டு எழுத்து வரும், அப்பா போனில் படித்துச் சொல்வார், மகள் அங்கிருந்தே போடுவார்.

“வேற யாராவது போன் பண்ணி எழுத்து சொன்னா போட்டுடுவீங்களாக்கா?”

“எங்கப்பா கொரல் எனக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியும், சாப்ட்வேருக்குத் தெரியாது. அனுமதி கேட்கும் பக்கத்தில் தறிக்கூடத்துக் கம்ப்யூட்டரின் பெயரைப் பெரிதாகப் போட்டு வைத்தேன். அது போதுமா என்று இன்னும் குழப்பம்தான்.

ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். இப்போது எந்த இடத்துக்குப் போனாலும், கம்ப்யூட்டரைத் தொடும் முன்பே, லாகின் செய்வது யார், அவர் எங்கே இருப்பார் என்று கேட்கிறேன். போன மாதம் ஆர்.கே.பேட்டையில் ஒருவர், “நான்தான் பண்ணுவேன், இங்கயேதான் இருப்பேன்,” என்றார். நிம்மதியாக இருந்தது. எதற்கும் ஒருமுறை பண்ணிக் காட்டுங்கள் என்றேன்.

சரியென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார்.