வெள்ளம் எப்பம் வரும்?

பதினாறு வருடம் ஒரு மாதக் காமிக்ஸில் முகமூடி வீரன் ஒருவனை வரைந்து பிழைத்தவன் நான். அவனுக்குச் சதுரத் தாடை. ஆரல்வாய்மொழியில் இரண்டு மலைக்கு நடுவே கணவாய் இருப்பதைப் போல, இரண்டு தோளுக்கு நடுவே கழுத்து என்று ஒன்று இருக்கும். 2004இல் அவனை மலையுச்சியிலிருந்து விழவைத்து, மூலையில் வழக்கம்போல ‘தொடரும்’ என்று எழுதி அனுப்பினேன். அது அச்சாகி வந்த பிறகுதான், இனி இதழ் வராது என்று கடிதம் வந்தது. இன்றுவரை அவன் விழுந்துகொண்டுதான் இருக்கிறான்.

அந்தச் சமயத்தில் ஒரு நாளிதழின் நாகர்கோவில் பதிப்புக்குக் கார்ட்டூன் போட ஆள் தேடினார்கள். “அரசியல் தெரியுமா?” என்று கேட்டார்கள். வில்லன்கள் நிறைய வரைந்திருக்கிறேன் என்றேன். தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் பணி நிரந்தரக் கடிதம் தருவதாகப் பேச்சு. எனக்கு நாற்பத்தொரு வயது. என் மனைவி கணக்கு டீச்சர், எதையும் மீதியில்லாமல் வகுத்துவிடுவாள்.

“இதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க. இதும் போச்சுன்னா அடுத்து என்ன, கல்யாண வீட்டுக்கு போர்டு எழுதப் போவியளா?”

முதல் கார்ட்டூன், குண்டும் குழியுமான சாலை. பள்ளத்தில் ஒரு பேருந்து. பதினாறு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் மூலையில் ‘தொடரும்’ என்று எழுதிவிட்டது. காலையில் அச்சில் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வேலை போயிற்று என்று உட்கார்ந்திருக்கையில் செய்தி ஆசிரியர் போன் செய்தார். மார்த்தாண்டத்துக்காரர்.

“ஓய், பள்ளத்துக்குக் கீழ ‘தொடரும்’னு போட்டீரே! அதாக்கும் ஓய் அரசியல்! எப்பிடித் தோணிச்சு?”

தோன்றவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நான் நினைக்காததற்குத்தான் இங்கே மரியாதை என்று புரிந்துகொண்டேன். கொஞ்ச நாள் எதையும் நினைக்காமல் வரைய முயன்றேன். நினைத்துக்கொண்டு வரைவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. பல நாட்கள் கார்ட்டூன் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு கோடை வந்தது. கரையோரத்தில் தகரக் கொட்டகைகளில் ஜனங்கள் இருந்தார்கள். தண்ணீர் லாரி நாள்கணக்கில் வரவில்லை என்று எங்கள் நிருபர் செய்தி கொண்டுவந்தார். உட்கார்ந்து வரைந்தேன். குடங்களின் வரிசை. முன்னால் ஒரு பெண். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவள் கேட்கிறாள்: “சார், வெள்ளம் எப்பம் வரும்?” அவர் சொல்கிறார்: “ஃபைல் அனுப்பியாச்சு, சீக்கிரம் வந்துரும்.”

எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தாகத்துக்குக் குடிப்பது வெள்ளம், குளிப்பது வெள்ளம், சாயாவில் கூடிப்போவதும் வெள்ளம். ஆரல்வாய்மொழியைத் தாண்டி வடக்கே போனால் அது ஊரை அடித்துக்கொண்டு போவது. இது எனக்குத் தெரியாததல்ல. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, பாதியையாவது படித்திருக்கிறேன். ஆனால் பேனாவைப் பிடித்த கைக்கு அலமாரி எட்டவில்லை.

அச்சுக்குப் போகுமுன் ஆறு பேர் பார்த்தார்கள். எம்.ஏ. தமிழ் படித்த பிழைதிருத்துநர் மட்டும் ஓர் ஆட்சேபம் எழுப்பினார், ‘எப்பம்’ என்பதை ‘எப்போது’ என்று மாற்ற வேண்டாமா என்று. அதற்கு அரைமணி நேரம் விவாதம். வட்டார வழக்கு, இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பக்கத்துச் சொல்லை ஒருவரும் பார்க்கவில்லை. ஆறு பேருமே நாகர்கோவிலுக்கு மேற்கே பிறந்தவர்கள்.

அன்றைக்கென்று பார்த்து, சென்னைத் தலைமை அலுவலகக் கார்ட்டூனிஸ்டுக்குக் காய்ச்சல். என் படத்தை எடுத்து எல்லாப் பதிப்பிலும் முதல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். காலையில் நான் மூன்று பிரதி வாங்கினேன். பத்து மணிக்கு சென்னையிலிருந்து ஆசிரியர் அழைத்தார்.

“கடல்ல குடும்பத்தையே பறிகொடுத்தவங்க சார் அவங்க. அடுத்த வெள்ளம் எப்ப வரும்னு அவங்களையே கேக்க வைக்கிறீங்க. அதுக்கு அதிகாரி, ஃபைல் அனுப்பியாச்சுங்கறான். மனுஷன்தானா நீங்க? காலைலேர்ந்து போன் நிக்கல.”

“சார், அது குடிக்கிற வெள்ளம்.”

“வெள்ளத்தை யாராவது குடிப்பாங்களா?”

“இல்ல சார், வெள்ளம்னா எங்களுக்குத் தண்ணி சார். தண்ணி!”



“பத்து மணிக்கேவா சார்?” என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

செய்தி ஆசிரியர் போனைப் பிடுங்கி விளக்க முயன்றார். அவரும் பதற்றத்தில் மூன்று முறை வெள்ளம் என்றார். கடைசியில் உத்தரவு வந்தது. நான் நேரில் போய் அந்தப் பெண்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும், அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். பணி நிரந்தரக் கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேச்சு.

புகைப்படக்காரரின் பைக்கில் மணவாளக்குறிச்சியைத் தாண்டி ஒரு கொட்டகை வரிசைக்குப் போனோம். குடங்கள் நிஜமாகவே வரிசையில் இருந்தன. பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள். நான் பத்திரிகையை விரித்துப் பிடித்து, இதற்காக வருந்துகிறேன் என்றேன். அவர்களில் மூத்தவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“வெள்ளம் எப்பம் வரும்னு கேட்டிருக்கு. நாங்களும் அதத்தான் கேக்கோம். இதுக்கு எதுக்கு மக்ளே வருத்தம்?”

நான் சென்னைக்காரர்களின் குழப்பத்தை விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்க விளக்க எனக்கும் புரியாமல் போனது. அதற்குள் இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, இந்த ஆபீசரைப் பாத்தியா? எம்மாடி, தோளப் பாரு! இவ்வளவு லெச்சணமா ஒருத்தரும் இங்க வரல்லியே. இவர அனுப்பி வையிங்க சாரே, வெள்ளம் பையவே வரட்டும்!”

எல்லோரும் சிரித்தார்கள். மேசைக்குப் பின்னால் முகமூடியைக் கழற்றிவிட்டு என் வீரன்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று அப்போதுதான் கண்டேன்.

மூத்தவள் சிரிக்கவில்லை. விரலால் படத்தைத் தொட்டாள்.

“அது கெடக்கட்டு. இதென்ன, பித்தளக் கொடமா வரைஞ்சு வச்சிருக்க? எனக்க பித்தளக் கொடத்த கடலுல்லா கொண்டுபோச்சு. இப்பம் இருக்கியது பிளாஸ்டிக்கு. அதும் நெவாரணத்துல தந்தது.”

சிரிப்பு நின்றுவிட்டது. நான் வரிசையைப் பார்த்தேன். நீலமும் சிவப்புமாக பிளாஸ்டிக் குடங்கள். காற்றில் உருண்டு போகாமலிருக்க ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள். நான் இந்த இடத்துக்கு ஒரு தடவைகூட வந்து பார்க்காமல், நாகர்கோவிலில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, எங்கள் அடுக்களைக் குடத்தைப் பார்த்து வரைந்தவன்.

“தப்புதான். மன்னிச்சிருங்க” என்றேன். கை தானாகக் குவிந்தது. புகைப்படக்காரர் அந்தக் கணத்தில் எடுத்துவிட்டார்.

“சரி சரி, வெயிலத்து நிக்காத. வெள்ளம் குடிச்சிட்டுப் போ” என்றாள் மூத்தவள். கொட்டகைக்குள் போய்க் குடத்தைச் சரித்து, அடியில் கிடந்ததை ஒரு தம்ளரில் கொண்டுவந்தாள். குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு குடித்தேன்.

மறுநாள் எல்லாப் பதிப்பிலும் என் கும்பிட்ட கை வந்தது. கீழே, ‘வெள்ளம் குறித்து வருந்துகிறோம்.’ சென்னை அமைதியடைந்தது. நாகர்கோவில் அலுவலகத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. வெள்ளம் கேட்டதற்குப் பத்திரிகைக்காரனுக்கு என்னலே வருத்தம் என்று. இரண்டு நாளில் லாரியும் வந்துவிட்டது. கார்ட்டூனுக்காக வந்ததா, மன்னிப்புக்காக வந்ததா, அந்த ஃபைல்தான் உண்மையிலேயே வந்து சேர்ந்ததா, எனக்குத் தெரியாது.

மாதக் கடைசியில் கடிதம் வந்தது. பணி நிரந்தரம். ஒரே நிபந்தனை, இனிமேல் என் கார்ட்டூன்களில் வாசகம் இருக்கக் கூடாது. மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள்.

“பேசாம வேலயப் பாருங்கன்னு கல்யாணம் கழிஞ்ச நாள் முதலா நானும் சொல்லுகேன். அவனுவ எழுத்துலயே தந்துட்டானுவ.”

அப்படித்தான் நான் சொல்லில்லாத கார்ட்டூனிஸ்ட் ஆனேன். ஏழெட்டு வருடம் கழித்து ஒரு கல்லூரிக் கருத்தரங்கில், மொழியின் போதாமையை உணர்ந்து மௌனத்தைத் தேர்ந்துகொண்ட கலைஞர் என்று என்னை அறிமுகம் செய்தார்கள். மறுக்கலாமா என்று யோசிப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

‘தொடரும்’ எழுதிய மூலையில் இப்போது சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குடம் வரைகிறேன். அது என்ன என்று சென்னையிலிருந்து ஒருமுறை கேட்டார்கள். கையெழுத்து என்று சொல்லிவைத்தேன். உள்ளே கல் கிடக்கிறது என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அதை எப்படி வரைவது என்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை.