நிற்காமல் கடக்க வேண்டிய சாலை

சுவாங் அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வயது நாற்பத்தெட்டு. சைகோனில் பார்வையற்றோர் நடத்தும் எங்கள் மசாஜ் நிலையத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். நான் வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களை முறை வைத்து உள்ளே அனுப்புகிறவன்.

அவருடைய அறை எதிர்ச் சாரியில் இருக்கிறது. நடுவில் மோட்டார் சைக்கிள்கள் ஓயாத பெரிய சாலை. இத்தனை நாளும் அவருடைய தங்கை லாய் கையைப் பிடித்துக் கடத்திவிட்டாள். அவளுக்கு வேறு மாகாணத்தில் தொழிற்சாலை வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் போகிறாள். அதற்குள் தனியாகக் கடக்கப் பழகாவிட்டால் அக்கா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே மசாஜுக்கு வர ஆள் இல்லை.

நான் கடத்திவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ லீவு போடற அன்னிக்கு நான் படுத்துக்கவா?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் வின் என்ற இளம் பொறியாளர் ஒரு கருவியைச் சோதிக்கக் கொண்டுவந்தார். நெஞ்சில் மாட்டும் சிறு கேமரா. முன்னால் இருப்பதைக் காதில் ஒரு குரல் சொல்லும். நடைபாதையில் அது உதவியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கைத்தடி தரையைத்தான் தடவும். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கடைப் பலகைகளை அதுவரை அக்காவின் நெற்றிதான் கண்டுபிடித்துவந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் சாலையில் இறங்கினார். பத்தடி போயிருப்பார். குரல் நிற்கச் சொன்னது, நின்றுவிட்டார். எங்கள் ஊரில் சாலை கடக்கிறவர் செய்யக் கூடாதது அது ஒன்றுதான். சீராக நடந்தால் வண்டிகள் அந்த நடையைக் கணித்து விலகிக்கொள்ளும். அக்கா போய்விடுவார் என்று நம்பி அவர் பின்னால் புக வந்த மோட்டார் சைக்கிள்காரன், பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்தான். அவன் கூடைக் கீரையெல்லாம் சாலையில்.

"நடு ரோட்ல நின்னு யாரத் தேடறீங்கக்கா?" என்றான், முழங்கையைத் தடவிக்கொண்டே.

"என்னைக் கேக்காத. இந்தப் பெட்டியக் கேளு."

அவரைத் திரும்பக் கூட்டிவந்தோம். வின் முகம் வெளுத்திருந்தது. "அது சரியாத்தான் சொல்லுச்சுக்கா. எதிர்ல வண்டி இருந்துச்சு."

"எப்ப தம்பி இல்லாம இருந்துச்சு?"

"மாத்திரலாம். ஒரு வருஷம் ஆகும்."

"லாய்க்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு."

அந்தக் கேமராவுக்கு எதிரே வருகிற எல்லாமே தடை. அக்காவுக்கு அதே ஆட்கள்தான் வழிவிடுகிறவர்கள். ஒருவன் விலகப் போகிறான் என்பது அவன் மனதில் இருக்கிறது. படத்தில் அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா தன் அறைப் பக்கச் சாலையோரத்தில் கருவியை அணைத்தார். தடியை முன்னால் நீட்டி இறங்கினார். லாய் அந்த ஓரத்திலேயே வாயைப் பொத்தியபடி நின்றாள். வண்டிகள் அவருக்கு முன்னும் பின்னும் பிரிந்து போயின. ஹாரன், புகை, யாரோ ஒருவனின் வசவு. அக்கா நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

இந்தப் பக்கம் ஏறி, மேசைக்கு வந்து நாற்காலியில் சரிந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கொஞ்ச நேரம் எனக்கு ஆள் அனுப்பாத."

தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "இதையே தினம் ரெண்டு தடவ செய்யணும்" என்றார்.