கல்லாறு தாண்டாத காரும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி குடும்பத்தார் என்னிடம் சொன்னார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன். அக்காவிடம் கேட்டேன். "எழுது. ஆனா நல்லவரு வல்லவருன்னு மட்டும் எழுதி முடிச்சிராத. அந்த எண்ணெய்க் காரியமும் வரணும்" என்றார். உறவினரும் நண்பரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் தக்கலைக்கு அருகே பிறந்தவர். அப்பா காலமான பிறகு எங்களைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்து, லாரிகளுக்கு அடியில் படுத்து வேலை கற்று, பழவங்காடிக்குப் பின்புறம் சொந்தமாக ஒரு பட்டறை வைத்தார். அக்காவையும் என்னையும் வளர்த்தது அவருடைய கைதான். அக்காவுக்குக் கல்யாணம் செய்துவைத்ததும், டிரைவரான அத்தானைப் பொன்முடியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேர்த்ததும் அவரே. பட்டறையில் பெயின்ட் அடிக்கும் வேலையை எனக்குத் தந்தார். சோறு போட்ட கை அது. நாக்கு வேறு. எனக்கு அவர் வைத்த பெயர் 'ஊமை'. என் கல்யாணப் பந்தலிலும் அப்படித்தான் கூப்பிட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் முதலாளி ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கினார். அதில் கிளச்சு மிதி கிடையாது. கியர் தானே மாறும். நகரத்துக்குள் வண்டி ஒழுங்காக ஓடியது. கல்லாறு தாண்டி மலை வளைவுகளில் ஏறிச் சூடானதும் இஞ்சின் அலறும், வண்டி நகராது. கியர் மாறினாலும் முதுகில் குத்தியது போலக் குலுங்கும். ஆறவிட்டால் மறுபடி நகரும்.

அண்ணன் விடவில்லை. கியர்ப்பெட்டி எண்ணெயை முகர்ந்து பார்த்தார், கருகல் வாடை அடித்தது. அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியைக் கழுவினார். உள்ளே இறுக்கிப் பிடிக்கும் பட்டையை முறுக்கினார். இஞ்சினிலிருந்து கியர்ப்பெட்டிக்கு வரும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது, அதையும் மாற்றினார். புது எண்ணெய் அளவாக ஊற்றி அனுப்புவார். சில நாளில் வண்டி மலையில் நின்றுவிடும். திரும்பி வரும்போது எண்ணெய் குறைந்திருக்கும். அடியில் காகிதம் விரித்துப் பார்த்தார், ஒரு சொட்டும் ஒழுகவில்லை. புகையைப் பார்த்தார், எண்ணெய் எரிந்த வெள்ளைப் புகையும் இல்லை. எங்கேதான் போகிறது?

ஒருநாள் முதலாளி விருந்தாளிகளோடு மலைக்குப் புறப்பட்டார். அண்ணனும் நானும் கருவிகளோடு பின்னால் ஜீப்பில் போனோம். வளைவில் கார் நின்றது. முதலாளி தலையை நீட்டி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"எடோ மேஸ்திரி, கியர் தானே மாறும்னு சொன்னது நீதானே? இறங்கித் தள்ளு. வேற யாரும் கை வைக்கண்டா."

அவ்வளவு பெரிய வண்டியை மேட்டில் ஒரு ஆளால் அசைக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். விருந்தாளிகள் சிரித்து ஓயும்வரை அண்ணன் தோள்கொடுத்து நின்றார். அத்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளே இருந்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் முதலாளி வீட்டு ஷெட்டுக்குப் போனார். இஞ்சினை ஓட்டாமலே அத்தான் கியர்ப்பெட்டியின் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் எண்ணெயை அப்படித்தான் பார்ப்பார்கள். எல்லா டிரைவர்களும் பழகியது அதுதான். ஆனால் இந்தக் கியர்ப்பெட்டியில், வண்டி சூடாகி இஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். நிறுத்திய வண்டியில் எண்ணெய் கீழே இறங்கித் தேங்கி, கம்பியில் கூடுதலாகக் காட்டும்.

"வாங்க மச்சான். நீங்க எப்பவும் கூடுதலாத்தான் ஊத்துதிய" என்று சொல்லிக்கொண்டே அத்தான் சிறு குழாய் விட்டு எண்ணெயை உறிஞ்சிப் பாட்டிலில் எடுத்தார். ஷெட்டு மூலையில் அப்படி எடுத்த பாட்டில்கள் மூடி போட்டு வரிசையாக இருந்தன. ஒன்றையும் அவர் விற்கவில்லை.

அண்ணன் அந்தப் பாட்டில்களைத் தூக்கி வந்து கார் பானட்டின் மேல் அடுக்கினார். முதலாளி வெளியே வந்தார்.

"இதெந்தாடோ?"

"எண்ணெய் போன வழி, முதலாளி."

"கள்ளன்!" என்றார் முதலாளி. அந்த எண்ணெய் எளிதில் கிடைக்காத காலம். அத்தான் ஏதோ சொல்லப் பார்த்தார், எடுபடவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தார். 'களவில்லை, அளவு பார்க்கத் தெரியவில்லை' என்று அண்ணன் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நான் "களவு இல்ல முதலாளி" என்று தொடங்கினேன். "பாருங்க, ஊமை பேசுறான்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். காவல்காரன் அத்தானின் பிடரியைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே தள்ளினான். அண்ணன் எண்ணெயை அளவாக ஊற்றினார். அன்று கார் பொன்முடி ஏறியது.

மாலையில் அக்கா பட்டறைக்கு வந்து அழுதார். "அண்ணே, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்னைத் தள்ள வெச்சப்ப உன் மாப்பிள்ளை உள்ளதானே இருந்தான்?"

"வண்டி ஓட்டுதவன் உள்ள இருக்காம, பானட்டு மேலயா இருப்பான்?"

அண்ணன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு நகரத்தில் யாரும் அத்தானுக்கு வண்டி கொடுக்கவில்லை. செங்கல் லாரியில் ஏறினார். ஊருக்கு அவர் கள்ளன், வீட்டுக்குள் விவரம் தெரியாத மண்டன். நடந்தது என்ன என்பது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்குச் சாட்சி அவருடைய கேலிதான். அக்கா மகளின் காதுகுத்துப் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி, "மாப்பிள்ளே, பாயசம் கூடிப்போச்சுன்னு பாட்டில்ல எடுத்து வெச்சிராதியும்" என்றார். அத்தான் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அக்கா அன்றிலிருந்து அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை.

கடைசிக் காலத்தில் அண்ணன் பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு போய்விட்டது. அண்ணி முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அக்காதான் வந்தார். மதியம் தோறும் கஞ்சி கொண்டுவந்து, கரண்டியை வாய்க்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"அவிய களவெடுத்தாங்களா? பேச முடியலன்னா இல்லன்னு தலைய ஆட்டுங்க."

அண்ணனால் தலையை ஆட்ட முடியும். கஞ்சி போதும் என்றால் ஆட்டுவார். இதற்கு ஆட்டவில்லை. வாயைத் திறந்தபடியே கிடப்பார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஊட்டிவிடுவார். கடைசி நாள்வரை கேட்டார், கடைசி நாள்வரை ஊட்டினார்.

ஊட்டிய அந்தக் கைக்கு முதல் நன்றி. தோள்கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், பந்தல் போட்டுத் தந்த அக்கம்பக்கத்தாருக்கும், தக்கலையிலிருந்து வந்து நின்ற சொந்தங்களுக்கும் நன்றி.

ஆசுபத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவர வண்டி கேட்டபோது, ஒரு வேனை இரவல் வாங்கி ஓட்டி வந்தவர் அத்தான். புறப்படும் முன் பானட்டைத் திறந்து, அளவுக் கம்பியைக் கையில் எடுத்து, என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, இஞ்சின ஓடவிட்டுப் பாக்கணுமா, நிறுத்திட்டுப் பாக்கணுமா? உள்ள படுத்திருக்கவருகிட்ட கேட்டுச் சொல்லு."

அண்ணன் அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகவே, இந்த மலரைக் கையில் வாங்கும் எல்லோருக்கும் ஊமையாகிய நான் சொல்லிக்கொள்கிறேன்: எங்கள் அத்தான் எண்ணெய் திருடவில்லை.