வட்டம் போடுகிறவர்

கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்து திறந்து, யார் வேண்டும் என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்றார் இவர். விரல் முட்டியால் நிலையின் அடிப்பக்கத்தில் இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "கதவு நல்லா இருக்கும்மா. நிலைதான் கீழ ஊறிப்போயிருக்கு. மழைக்கு முன்னாடி பாத்துடுங்க" என்று சொல்லிப் படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை அந்த அம்மாள் வாசலிலேயே நின்று பார்த்தார். அடுத்த வாரம் அந்த வீட்டில் தச்சு வேலை நடந்தது.

வயது அறுபத்து மூன்று. பழைய கட்டடங்களிலிருந்து எடுக்கும் மரம், இரும்பு, செங்கல், கதவு, ஜன்னல் எல்லாம் வந்து சேரும் கிடங்கில் வேலை. அங்கிருந்து அவை புதுக் கட்டடங்களுக்குப் போகும். வருவதற்கும் போவதற்கும் நடுவில் இவர் நிற்கிறார். ஒரு கூரையைத் தாங்கி முடித்த மரம் இன்னொரு கூரையைத் தாங்குமா என்று தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிடங்கில் அவர் காதுபட யாரும் 'இடிக்கிறது' என்று சொல்வதில்லை. "பிரிக்கிறதுன்னு சொல்லுங்கப்பா. இடிச்சா குப்பை, பிரிச்சா சரக்கு" என்பார்.

கருவி என்று இருப்பது உள்ளங்கை நீளத்தில் ஒரு சுத்தியல். அது குடியிருப்பதால் அவருடைய எல்லாக் கால்சட்டைகளிலும் வலது பை மட்டும் முழங்கால் பக்கம் இறங்கியிருக்கும். தையல்காரர் அந்தப் பைக்கு மட்டும் இரட்டைத் துணி வைத்துத் தைக்கிறார். மரத்தைத் தரையில் கிடத்தி, முனையிலிருந்து முனைவரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். "டங்குன்னா நிக்கும். தொப்புன்னா படுத்துடும்." அவருடைய மொத்தப் படிப்பும் இந்த இரண்டு வாக்கியம்தான். தட்டி முடித்ததும் சாக்கட்டியால் குறி. வட்டம் போட்டால் பாரம் தாங்கும். முக்கோணம் என்றால் பாரத்துக்கு ஆகாது, மேசை, அலமாரி செய்யலாம். பெருக்கல் குறி என்றால் அடுப்பு. தொழிலாளர்கள் அவருக்கு 'டங்கு சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். தொப்பு சார் என்று வைக்காதவரை சரி என்று இருந்துவிட்டார்.

வீட்டில் நிலவரம் வேறு. இரண்டு வருஷமாக அவர் வீட்டுச் செய்திகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியைப் போடாமலே கேட்டு வந்தார்கள். மனைவி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவருக்குக் கேட்க வேண்டிய விஷயம் என்றால் இடப்பக்கம் நின்று சொல்வார். சொன்னதாக இருந்தால் போதும் என்கிற விஷயத்தை வலப்பக்கம் நின்று சொல்வார். தன் அண்ணன் குடும்பத்தோடு வந்து பதினைந்து நாள் தங்கப்போவதை அப்படித்தான் வலப்பக்கம் சொல்லி அனுமதி வாங்கினார். காது டாக்டரிடம் போகலாம் என்றால் அவர் அசைந்து கொடுக்கவில்லை. "மனுஷங்கதான் முணுமுணுக்குறாங்க. மரம் முணுமுணுக்காது" என்றார்.

மருமகள் கட்டடங்களை வடிவமைக்கிறவள். வரைபடம் போட்டுவிட்டு மரம் தேடுகிறவள் இல்லை; கிடைத்த மரத்தை அளந்துவிட்டு அதற்குத் தக்கபடி வரைகிறவள். அதனால் அவளிடம் மாமனாருக்கு மரியாதை உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால், டிரைவர் கண்டக்டர் குடும்பங்கள் இருக்கிற தெருவில், ஒரு படிப்பகம் கட்ட அவளுக்கு வேலை வந்தது. செங்கல் ஒரு பழைய பள்ளிக்கூடத்திலிருந்து, ஜன்னல்கள் ஒரு விடுதியிலிருந்து, கூரைக்கு உத்தரங்கள் மூடிப்போன ஒரு ஆலையின் கிடங்கிலிருந்து. பதினாறடி நீளத்தில் பதினான்கு உத்தரங்கள் கிடைத்தன. பதினான்குக்கும் சரியாக அவள் கட்டடத்தை வரைந்தாள்.

மாமனார் பதின்மூன்றுக்கு வட்டம் போட்டார். ஒன்பதாவதுக்கு முக்கோணம்.

அவள் வந்து பார்த்தாள். குனிந்து நிமிர்ந்து நான்கு பக்கமும் பார்த்தாள். கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தெரியவில்லையே என்றாள். கண்ணைக் கேட்கவில்லை என்றார் அவர். இன்னொரு முறை தட்டிப் பாருங்கள் என்று கேட்டாள். தட்டினார். முக்கோணத்தின் மேலேயே இன்னொரு முக்கோணத்தை அழுத்திப் போட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் கிடங்கிலிருந்து கூரைக்கு மரம் போகாது. மாமனார் மருமகள் என்பதற்காக அது மாறவில்லை. அவள் படத்தைத் திருத்தினாள். படிப்பகம் நான்கடி குட்டையானது. ஒரு ஜன்னலும் போயிற்று, அதுவும் அவள் ஆசைப்பட்டு வைத்த கிழக்கு ஜன்னல். வீட்டில் மூன்று மாதம் இருவருக்கும் நேரடிப் பேச்சு இல்லை. உப்புக் கிண்ணம்கூட மாமியார் கை வழியாகப் போய் வந்தது. மகன் இதில் கருத்து எதுவும் வைத்துக்கொள்ளாமல் பிழைத்துக்கொண்டான்.

கூரை ஏறியது. பதின்மூன்று உத்தரங்களும் வட்டங்களோடு மேலே உட்கார்ந்தன. திறப்புவிழாவுக்கு அழைப்பிதழ் அச்சடித்துத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தாயிற்று. இன்னும் பத்து நாள் இருந்தது.

அப்போதுதான் தச்சர் ஒரு பலகையைத் தோளில் சுமந்துகொண்டு கிடங்குக்கு வந்தார். படிப்பகத்துக்கான மேசைகளை அவர்தான் செய்துகொண்டிருந்தார். அதற்கு அந்த ஒன்பதாவது உத்தரத்தைத்தான் அறுத்திருந்தார். "சார், இந்தாங்க உங்க முக்கோணம்" என்று பலகையை மேசைமேல் வைத்தார். முனையிலிருந்து முனைவரை ஒரு பொத்தல் இல்லை, ஒரு கறுப்பு இல்லை. சுற்றி நின்ற தொழிலாளர்கள் சிரித்தார்கள். கேலியில்லை, தவறவே தவறாத ஆள் ஒருநாள் தவறினால் எல்லோருக்கும் கொஞ்சம் லேசாக இருக்குமே, அந்தச் சிரிப்பு. அவரும் சிரிக்க முயன்றார். பலகையை முகர்ந்து பார்த்தார். கட்டைவிரலால் நீள வாக்கில் தடவினார். எல்லாப் பலகையும் இப்படித்தானா என்று கேட்டார். ஏழும் இப்படித்தான் என்றார் தச்சர்.

அன்று அவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். மருமகளுக்கு விஷயம் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. குத்திக் காட்டுவாள் என்று மாமியார் பயந்தபடி சமையலறைக் கதவருகே நின்றார். அவள் காபி கலந்து எடுத்துவந்து கையில் கொடுத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு நேராகப் பேசினாள்.

"விடுங்க மாமா. தப்பு நல்ல பக்கமாத்தானே ஆச்சு. ஒரு ஜன்னலோட போச்சு."

அவர் காபியைக் குடிக்காமல் டம்ளரைத் திருப்பி நீட்டினார்.

"காது தப்பினா ஒரு பக்கமாவே தப்புமாம்மா?"

அவள் டம்ளரை வாங்குவதற்காக நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். நல்ல மரத்தைக் கெட்டது என்று சொன்ன காது, கெட்ட மரத்தை நல்லது என்று சொல்லியிருக்காது என்பதற்கு என்ன நிச்சயம்? ஊரே நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போன இடத்தில் அவர் ஒருவர்தான் இதை நினைத்துப் பார்த்திருந்தார். அவள் மெதுவாக, தன் கணக்கில் தேவைக்கு மேல் ஒன்றரை மடங்கு பலம் விட்டிருப்பதாகச் சொன்னாள். "அது நல்ல மரத்துக்குப் போட்ட கணக்கும்மா" என்றார். அவள் உள்ளே போய்த் திறப்புவிழாவைத் தள்ளிவைக்கச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். காரணம் கேட்டவர்களிடம் மழை, உடம்பு சரியில்லை என்றெல்லாம் சாக்குத் தேடாமல், "எங்க மாமாவுக்கு ஒரு சந்தேகம்" என்றாள்.

கிடங்கு முதலாளி நல்ல மனிதர்தான். அவரும் கூப்பிட்டார். முதலில் திறக்கட்டும், அப்புறம் ஒருநாள் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், இருபத்தெட்டு வருஷத்துப் பேர் கெட்டுவிடும் என்று அரைமணி நேரம் சொன்னார். டங்கு சார் போனை வலது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, மருமகள் சொல்லிவைத்தபடி, ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் முதுகுப்பையோடு வந்தாள். பைக்குள் ஊசிபோல் மெலிந்த ஒரு துளைக்கும் இயந்திரம். மரத்துக்குள் ஊசி போகப் போக, மரம் எவ்வளவு எதிர்க்கிறது என்று அது தாளில் கோடு இழுக்கும். உள்ளே பொத்தல் இருந்தால் கோடு பள்ளத்தில் விழும். அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் படிப்பகத்துக்குப் போய், ஏணி போட்டு ஏறி, ஈரத்துணியால் தன் வட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு மாமா அழிக்கிறீங்க?"

இந்தக் கேள்வி அவருக்கு இரண்டாவது முறைதான் கேட்டது.

"வட்டத்தப் பாத்தா அந்தப் பொண்ணு, சார் பாத்ததுதானேன்னு ஊசிய லேசா விட்டுடும்மா."

சாயங்காலம்வரை ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. கூரை வரிசையில் முதல் பத்து உத்தரங்களிலும் கோடு நேராக ஓடியது. பதினொன்றில், சுவரில் உட்காரும் முனையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பள்ளத்தில் விழுந்தது. இன்னும் மூன்று இடங்களில் இறக்கிப் பார்த்தாள். மூன்றிலும் பள்ளம்தான். எப்போதோ கரையான் உள்ளே நுழைந்து, வெளித்தோலை விட்டுவிட்டு நடுவைத் தின்றிருந்தது. விழுந்திருக்குமா என்று மருமகள் கேட்டாள். பத்து வருஷம் நின்றாலும் நிற்கும், வருகிற மழைக்கே வந்தாலும் வரும், அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். அந்த உத்தரத்துக்கு நேர் கீழேதான் சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சு போடுவதாக இருந்தது.

டங்கு சார் ஏணியில் ஏறி, பதினொன்றாவது உத்தரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இதத் தட்டுறப்ப நான் கண்ண மூடிக்கிட்டேம்மா. அவ்வளவு நல்லா கேட்டுச்சு" என்றார்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனார். இடதில் பரவாயில்லை, வலதில் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார் டாக்டர். காதுக் கருவி வந்தது. வீட்டில் டிவி அடங்கியது. மனைவிக்குத்தான் கொஞ்சம் சிரமம்; எந்தப் பக்கம் நின்று சொன்னாலும் இப்போது கேட்டுவிடுகிறது. கருவி வந்த முதல் வாரத்திலேயே அண்ணன் மறுபடி வருகிற விஷயம் விவாதத்துக்கு வந்தது.

எப்போதிலிருந்து காது இப்படி என்று கணக்குப் பார்த்ததில், டிவி சத்தத்தை வைத்து மனைவி இரண்டு வருஷம் என்றார். அந்த இரண்டு வருஷத்தில் அவர் வட்டம் போட்ட மரங்கள் போன இடங்களைத் தாளில் எழுதினார். இருபத்திரண்டு கட்டடங்கள். சனிக்கிழமைதோறும் அவரும் ஊசிக்காரப் பெண்ணும் ஒவ்வொன்றாகப் போகிறார்கள். போனதும் அவரே முன்னால் போய், "நான் பாத்துக் குடுத்த மரம். நான் தப்பாப் பாத்திருக்கலாம்" என்று சொல்வார். சிலர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர் கத்தினார். அவர் கத்தி முடிக்கும்வரை காதுக் கருவியைக் கழற்றாமல் நின்றார். இதுவரை பதினாறு கட்டடங்கள் முடிந்திருக்கின்றன. இரண்டு தூண்களும் ஒரு படிக்கட்டுச் சட்டமும் மாற்றினார்கள். இன்னும் ஆறு இருக்கிறது.

படிப்பகத்துக்கு மாற்று உத்தரம் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. வேறு ஒரு கட்டடத்தைப் பிரித்தபோது பதினாறடியில் ஒன்று வந்தது. டங்கு சார் தட்டினார், காதுக் கருவியோடு ஒரு தடவை, கருவி இல்லாமல் ஒரு தடவை. அந்தப் பெண் ஊசி இறக்கினாள். இருவருக்கும் திருப்தி. மருமகள் கிடங்கின் சான்றிதழ் படிவத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். அதன் அடியில் காலங்காலமாக ஒரே ஒரு கோடு. அவர் பெயர் அச்சடித்த கோடு.

அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை. மருமகளிடம் ஸ்கேல் கேட்டு வாங்கினார். தன் பெயருக்கு மேலே, அதே நீளத்தில், இன்னொரு கோடு இழுத்தார். மை காய்வதற்காக ஒருமுறை ஊதிவிட்டு, தாளைத் திருப்பி ஊசிக்காரப் பெண்ணின் பக்கம் நகர்த்தினார். மூடி கழற்றிய பேனாவை அவள் வாங்குகிறவரை நீட்டிக்கொண்டே இருந்தார்.