கசப்பு தெரியாத மனிதர்

தொலைபேசி நிறுவனத்தின் புகார் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். சம்பளமே அதற்குத்தான் என்பது அவர் எண்ணம்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி ஃபோனில் பேசிக்கொண்டே அடிப்பிடிக்க விட்ட முட்டைக்கோஸை முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடிப்பார். மனைவியின் அக்காமார்கள் இவரை உதாரணம் காட்டியே தங்கள் கணவர்களின் உயிரை வாங்கினார்கள்.

ஒருநாள் மகள் கல்லூரி ஆய்வகத்திலிருந்து மருந்து தடவிய காகிதத் துண்டுகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று நாக்கில் வைத்தாள். மனைவி வாய் கொப்பளிக்க ஓடினாள். அவர் நிதானமாக மென்றுவிட்டு, "வெறும் காகிதம்தானே?" என்றார்.

மகள் அம்மாவிடம் விளக்கினாள். "அப்பாவுக்குச் சில கசப்பு தெரியாதும்மா. அந்த ஜீன்ல ரெண்டு வகை இருக்கு. தாத்தா, பாட்டி ரெண்டு பேர்கிட்டேருந்தும் அப்பாவுக்குக் கசப்பு தெரியாத வகையே வந்திருக்கு. எனக்கு உன்கிட்டேருந்து மத்தது வந்துடுச்சு. அதான் உன் முட்டைக்கோஸ்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

மனைவிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப இத்தனை வருஷமா பொறுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாக்குதான் மரக்கட்டை. நான்தான் தங்கமான மனுஷன்னு நம்பி ஏமாந்துட்டேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"கசப்புதான் தெரியாது. தீஞ்ச நாத்தம் நல்லாவே தெரியும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் கொடுத்த முதல் புகார் அது.